ஒரே ஜீப்பில் பத்து ஜக்கம்மாள்

காலை பத்து மணிக்குப் பெண்களுக்கான புற்றுநோய் பரிசோதனை முகாம் என்று போடியில் மூன்று தடவை நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று தடவையும் சோலைமலையின் ஜீப்பில் வேலைக்குப் போகிற பதினோரு பெண்களில் ஒருத்திகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? பத்து மணிக்கு அவர்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில், குத்துக்காலிட்டுக் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலை ஐந்தரைக்கு ஜீப்பு கிளம்பும். வீடு திரும்ப மாலை ஆறாகும். மலையேறிப் பிழைக்கிற சனம் என்று ஒன்று ஊரில் இருப்பதே நோட்டீஸ் ஒட்டியவருக்குத் தெரியாது போலிருக்கிறது. கடைசியில் ‘பெண்களிடம் விழிப்புணர்வு போதவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். எழுதுவதற்கு என்ன, பேனா இருந்தால் போதும்.

நர்ஸ் சந்திரவல்லிக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. புரட்டாசி மாதத்தில் ஒருநாள், விடிவதற்கு முன்பே ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, நேராக ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டு வரைக்கும் வர்றேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன். புடிக்கலைன்னா எறக்கி விட்ருங்க.”

பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் காட்டினாள். நுனியில் மெத்தென்று சின்ன பிரஷ். கூடவே மூடி போட்ட குழாய். கர்ப்பப்பை வாயில் புற்று வருவதற்கு ஒரு கிருமிதான் காரணம், அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்றாள். முப்பது வயது தாண்டிய எல்லோரும் பார்க்க வேண்டுமாம்.

“துணிய அவுக்கச் சொல்வீகளாக்கும்?” என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

“வேணாம். நீங்களே மறைவாப் போயி எடுத்துக்கலாம். டாக்டரும் பாக்க மாட்டாரு, நானும் பாக்க மாட்டேன். சாயங்காலம் முந்தல்ல நிக்கிறேன், பையைக் குடுத்துட்டுப் போங்க.”

ஜீப்பு முழுக்கப் பொன்னுமணியின் முகத்தைப் பார்த்தது. பொன்னுமணிக்கு ஐம்பது வயது. அந்த ஜீப்பில் எந்தப் பாட்டு ஓட வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும், எவள் வீட்டுச் சண்டையை யார் போய்த் தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான்.

“நோகாத சோலின்னா எடுத்துக் குடுத்துட்டாப் போச்சு. கொண்டா,” என்றாள்.

அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஜோதி, குழாயை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். மூன்று மாதமாக அவளுக்கு நாளல்லாத நாளில் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. கணவன் கண்ணுச்சாமிக்குத் தெரியாது. மகள் கார்த்திகாவுக்குத் தெரியாது. எல்லோரையும்விடத் தெரியக்கூடாத ஆள் பொன்னுமணி. அவள் மகன் மகாராஜனுக்குத்தான் கார்த்திகாவைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். ‘அந்தச் சீக்கு இருக்கிற வீட்டுப் பொண்ணு’ என்று ஒரு வாய் சொன்னால் போதும், அத்தனையும் கலைந்துவிடும். ஜோதி தன் சாவுக்குப் பயந்ததைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

அன்று மத்தியானம், ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்கு ஒவ்வொருத்தியாகப் போய்வந்தார்கள். போகும்போது பெரிய ராணுவ ரகசியம்போலப் போனார்கள், வரும்போது “அட, இம்புட்டுத்தானா” என்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். குழாயில் பெயர் எழுதுகிற வேலை பவதாரணிக்கு. ஒன்பதாம் வகுப்பு படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும்.

அங்கேதான் வந்தது வினை. “எம் பேரு வேணாம்டி. ஊரெல்லாம் தெரிஞ்சுபோகும். ஜக்கம்மான்னு போட்ரு, ஆத்தா பாத்துக்கிடுவா,” என்றாள் முதலாமவள்.

அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கும் ஜீப்புக்குள் தமிழும் தோட்டத்தில் மலையாளமும் பேசுகிற சனம். மூன்று மொழியிலும் ஆபத்துக்குக் கூப்பிடுவது ஜக்கம்மாளைத்தான். அவளே குலதெய்வம். வருகிறது எதுவானாலும் அவள் தலையில் போட்டுவிட்டால் நிம்மதி. இரண்டாமவளும் ஜக்கம்மாள் என்றாள். மூன்றாமவள் கேட்கவே வேண்டாம். ஜோதியும் அப்படித்தான் எழுதச் சொன்னாள், எழுதிய பவதாரணியும் தன்னுடையதில் அதையே எழுதிக்கொண்டாள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜீப்பில் நிஜமாகவே ஜக்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் தன் பெயரைக் கொடுக்கப் பயந்து ‘பேச்சியம்மாள்’ என்று எழுதச் சொன்னாள்.

போன் நம்பரும் வேண்டுமாம். போனெல்லாம் வீட்டு ஆம்பிளைகள் கையில். அவர்கள் எடுத்துப் பேசினால் என்ன ஆவது? எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான் இருந்தது. பதினோரு குழாயிலும் டிரைவர் சோலைமலையின் நம்பர் ஏறியது. சாயங்காலம் மழைத் தூற்றலில் பையை வாங்கிய சந்திரவல்லி, அதை அப்படியே சோதனைக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, போடிமெட்டு டீக்கடையில் சோலைமலை வாயில் டீயை வைத்திருந்த நேரத்தில் போன் வந்தது.

“ஹலோ, ஜக்கம்மாளுங்களா?”

“நான் சோலைமலை. ஜீப்பு டிரைவரு.”

“அண்ணே, நான் நர்ஸ் சந்திரவல்லி. உங்க நம்பர்ல பத்து ஜக்கம்மா இருக்காங்கண்ணே. பத்துல ஒண்ணுக்கு ரிசல்ட்டு சரியில்ல. எந்த ஜக்கம்மான்னு நீங்களாச்சும் சொல்லுங்க.”

சோலைமலைக்கு டீ புரையேறியது. இருபத்தைந்து வருடமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர், இப்படி ஒரு வளைவைப் பார்த்ததில்லை. போனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து பொன்னுமணியிடம் நீட்டிவிட்டு, இருபது அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பொன்னுமணி ஸ்பீக்கரைப் போட்டாள். சந்திரவல்லி நிதானமாகச் சொன்னாள். இது புற்று என்று அர்த்தமில்லை. கிருமி இருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே ஏதாவது மாற்றம் இருந்தால் அன்றைக்கே பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் சில வருடத்தில் கெட்டதாக மாறலாம். யாரென்று தெரியாததால் எல்லோருமே வர வேண்டும்.

போன் அணைந்தது. மற்றப் பத்துப் பேரும் மறுபடி பொன்னுமணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஜக்கம்மாளுக்கு வந்தத ஜக்கம்மாளே பாத்துக்கிடுவா,” என்றாள் பொன்னுமணி. “எனக்கு ஒரு வலி இல்ல, ஒரு நோவு இல்ல. நம்மள்ல யாருக்கும் ஒண்ணும் இருக்காது. ஏறுங்க, நேரமாச்சு.”

எல்லோருக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஒருத்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தாள், ஒருத்தி பாட்டைப் போடச் சொன்னாள். ஜீப்பு பூப்பாறைப் பக்கம் இறங்கத் தொடங்கியது. ஜோதி மட்டும் வெற்றிலை வாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடக்கும். ஆனால் அடுத்த வருடம் பேறுகாலத்துக்கு மகள் வீட்டுக்கு வரும்போது, தான் இருப்போமா? அந்தக் கேள்வி வந்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“அது நாந்தான் மதினி,” என்றாள்.

பொன்னுமணி திரும்பினாள்.

“நாலு மாசமா எனக்குப் பட்டுக்கிட்டே இருக்கு. யாருட்டயும் சொல்லல. ஒங்களுக்குத் தெரிஞ்சா எம் பொண்ண வேணாம்னு சொல்லிருவீகன்னு பயந்துட்டேன். இப்பயும் பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்குச் சாக மனசில்ல மதினி. இவுகளும் என்னால அலைய வேணாம். நான் மட்டும் போறேன்.”

மூலையிலிருந்து பவதாரணி, “இல்லக்கா, அது நானாத்தான் இருக்கும். எனக்கு ரொம்ப நாளா வெள்ளை படுது,” என்றாள். “அடிப்போங்கடி, எனக்கு முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, நாந்தான்,” என்றாள் இன்னொருத்தி. ஒருத்திக்கு அடிவயிறு, ஒருத்திக்கு அவள் சித்தி செத்ததே இந்த நோயில். மூன்று வாரமாக ஒவ்வொருத்தியும் தனித்தனியாகச் செத்துப் பிழைத்திருக்கிறாள். நிஜ ஜக்கம்மாளும் விடவில்லை. “நான் பேச்சியம்மான்னு எழுதினேன், வாஸ்தவந்தான். ஆனா ஜக்கம்மாளுக்குன்னு சொல்லும்போது எனக்குத்தான அது?” என்று அழுதாள். அவள் அழுததைப் பார்த்து ஒருத்தி சிரிக்க, சிரிப்பு ஜீப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது. முன்னால் சோலைமலை இதெல்லாம் காதில் விழக்கூடாது என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

சிரிக்காதவள் பொன்னுமணி ஒருத்திதான்.

அன்றும் மறுநாளும் அவள் ஜோதியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தும் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் கார்த்திகா ரவிக்கைக்கு எந்தக் கலர் நூல் என்று கேட்டபோது ஜோதி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். தன் வாயாலேயே மகள் வாழ்வைக் கெடுத்துவிட்டோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பொழுதடையும் நேரத்தில் பொன்னுமணி வீட்டுக்கே வந்துவிட்டாள். ஜோதி அடுப்படியில் ஒடுங்கி நின்றாள். முறித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

“தம்பி கண்ணுச்சாமி,” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் பொன்னுமணி. “வர்ற ஞாயித்துக்கிழம முகூர்த்தப் பட்டு எடுக்கப் போறோம். ஜீப்பு நெறையப் பொம்பளைக போறோம். ஆம்பளைக யாரும் வர வேணாம். வந்தா வெரசாக் கெளம்பு, வெரசாக் கெளம்புன்னு உயிர வாங்குவீக.”

“அதுக்கென்னக்கா, போயிட்டு வாங்க. ஒரு மணி நேர சோலிதான?”

“எட்டு மணிக்குப் போனா, வர மத்தியானம் ரெண்டாகும். பட்டுன்னா சும்மாவா?”

பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றால் பதினோரு வீட்டிலும் பதினோரு கேள்வி வரும். பட்டு எடுக்கப் போகிறோம் என்றால் எந்த வீட்டிலும் கேள்வி கிடையாது. பொன்னுமணி இரண்டு நாளாக வாய் திறக்காமல் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்து, ஜோதியின் காதருகே குனிந்தாள்.

“லேடி டாக்டரு ஒம்பது மணிக்கு வருதாம். சந்திரவல்லிட்டப் பேசிட்டேன். நமக்காக லீவு நாள்ல வருது. தலை நெறையப் பூ வச்சுக்கிட்டு வா. மொகத்தத் தொடை மொதல்ல.”

ஜோதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கண்ணுச்சாமி கேட்டதற்கு வெங்காயம் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போடி ஆஸ்பத்திரி இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்காது. பதினோரு பேரும் பெட்டியில் கிடந்த நல்ல புடவையைக் கட்டியிருந்தார்கள். எத்தனை தேய்த்தும் போகாத ஏலக்காய்க் கறை விரல்களில், கை நிறையக் கண்ணாடி வளையல். சந்திரவல்லி இந்த முறை ஆதார் அட்டையைப் பார்த்தே ஒவ்வொருவர் பெயரையும் எழுதினாள். எதற்கும் இருக்கட்டும் என்று சாம்பிளும் மறுபடி எடுத்தாள்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். டாக்டரம்மா கைவிளக்கை வைத்து, ஒரு மருந்தைத் தடவிப் பார்ப்பாராம். கெட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியுமாம். பவதாரணி வெளியே வந்து, “வெறும் புண்ணுதானாம், மாத்திரை குடுத்தாங்க. நான் இல்ல!” என்று குதித்தாள். அடுத்தவளும் இல்லை. நிஜ ஜக்கம்மாளும் இல்லை. இல்லை, இல்லை என்று ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டு வர வர, மிச்சம் தான்தான் என்று ஜோதிக்கு உறுதியாகிவிட்டது. பத்தாவதாக அவள் போனாள்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். “மிளகு அளவுக்கு ஒரு சதை வளந்திருக்கும்மா. அதுதான் ரத்தம். எடுத்துட்டேன், வலிச்சுதா?” என்றார். வலிக்கவே இல்லை. “சோதனைக்கு அனுப்புறேன், ஆனா பாத்தா பயப்படுற மாதிரி இல்ல. வெள்ளை ஒண்ணும் தெரியல. நாலு மாசம் ஏன் பொத்தி வச்ச?” ஜோதி அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியே வந்தவளைப் பெண்கள் கட்டிக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

கடைசியாகப் பொன்னுமணி. “ஒங்களுக்குத் தொணைக்கி வந்தேன். இதுல எனக்கென்ன இருக்கப் போகுது,” என்று சொல்லிக்கொண்டே போனாள். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. சந்திரவல்லி வந்து ஜோதியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

பொன்னுமணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அந்த முகம் அப்படி வெளிறி ஜோதி பார்த்ததில்லை.

“புற்று இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா. “அதுக்கு முந்தின நெலமை. வலியே தெரியாது, வெளிய ஒண்ணும் காட்டாது. அந்த இடத்தச் சூடு வச்சு எடுத்தாச்சு. ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும். கொஞ்ச நாளைக்குச் சுமை தூக்க வேணாம். ஒரு வருசம் கழிச்சு மறுபடி பாக்கணும்.”

அவர் போனதும் பொன்னுமணி ஜோதியின் கையைப் பிடித்தாள். எப்போதும் வா, போ என்று பேசுகிறவளுக்கு அன்று மரியாதை வந்துவிட்டது.

“சம்பந்தி… சீக்குக்காரி வீட்டுக்குப் பொண்ணக் குடுக்கணுமான்னு ஒங்களுக்குத் தோணும். குடுக்கிறதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம். நான் மனசுல வச்சுக்கிட மாட்டேன்.”

ஜோதிக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எனக்காக ஒரு வழி பண்ணினாளே, எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் பட்டு எடுத்தாக வேண்டும். முதல் புடவையை மாப்பிள்ளையின் தாய் தன் கையால் தொட்டு எடுத்து, பெண்ணின் தாய் கையில் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் பேச்சு உறுதி. அவர்கள் வழக்கம் அது.

“எந்திரிக்காம இருங்க. இந்தா வர்றேன்,” என்று வெளியே ஓடினாள்.

அவளையும் இன்னும் நான்கு பெண்களையும் ஏற்றிக்கொண்டு சோலைமலை பட்டுக்கடைக்கு ஜீப்பை விரட்டினார். கடைக்காரர் யோகராஜ், “பட்டுக்கடை ஆஸ்பத்திரிக்கெல்லாம் வராதும்மா,” என்றார்.

“வரும்ணே. ஜீப்பு வாசல்ல நிக்கிது. நீங்களும் ஏறுங்க,” என்று ஜோதி மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். கூட வந்த நான்கு பேரும் ஆளுக்கொரு அடுக்கைத் தூக்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போதே போகாவிட்டால் தன்னையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யோகராஜுக்குப் புரிந்துபோனது. தானே ஏறிக்கொண்டார்.

பதினொன்று நாற்பதுக்கு அந்த வார்டில் கட்டில் முழுக்கப் பட்டு விரிந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம். சந்திரவல்லி “இதெல்லாம் இங்க கூடாது” என்று சொல்லிக்கொண்டே மயில் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பொன்னுமணி ஒன்றும் விளங்காமல் ஜோதியைப் பார்த்தாள்.

“எடுங்க மதினி. பன்னெண்டு அடிக்கப் போகுது.”

பொன்னுமணியின் கை அரக்குப் புடவையின் மேல் போய் நின்றது. எடுத்தாள். நீட்டினாள். ஜோதி குனிந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். பெண்கள் அடக்க மாட்டாமல் குலவையிட்டார்கள்.

ஆஸ்பத்திரியே திரண்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதில் குரங்கணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, “இங்கென்னக்கா விசேசம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பவதாரணி பட்டு எடுக்க வந்தோம் என்று சொல்ல வாய் திறந்தாள். பொன்னுமணி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். ஜீப்பு கொண்டை ஊசி ஏறும்போதும் கேட்கிற அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது.

“புத்துநோய் டெஸ்ட்டுக்கு வந்தோம் தாயி. எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்குத்தான் இருந்துச்சு. முத்துறதுக்கு முன்னால கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க. இந்தா நிக்கிறாளே, எஞ் சம்பந்தி, இவ மட்டும் அன்னைக்கி ஜீப்புல வாயத் தொறக்காம இருந்திருந்தா, நான் எம் பேரன் மொகத்தப் பாக்காமப் போயிருப்பேன்.”